நூறு ரூபாயில் 26 காசு

2020 ஜனவரியில் பெங்களூரில் இஸ்ரோ ஓர் இயந்திரத்தை அறிமுகம் செய்தது. ககன்யான் கலத்தில் மனிதர்கள் ஏறும் முன்னால் தான் ஏறிப் பார்த்து வரப்போகும் இயந்திரம். வியோமித்ரா என்று பெயர். விண்வெளித் தோழி என்று பொருள் சொன்னார்கள். பெண் முகம், பெண் குரல். கருவிகளைக் கவனிக்கும், கேட்டால் பதில் சொல்லும், கலத்துக்குள் காற்று கெட்டால் எச்சரிக்கும். கால்கள் கிடையாது. அதனால் அதை அரை மனித உரு என்கிறார்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2024 பிப்ரவரி 27 அன்று, திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் ககன்யானுக்குப் பயிற்சி பெற்ற நான்கு பேரின் பெயரைப் பிரதமர் அறிவித்தார். பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா. நால்வரும் விமானப்படையின் சோதனை விமானிகள். நால்வரும் ஆண்கள். அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர் என்று நம் ஊர்ப் பத்திரிகைகள் மகிழ்ந்தன.

இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எந்தப் பெண்ணுக்கும் ஒரு முடிவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. காலில்லாத பொம்மை பெண்ணாம், கால் உள்ளவர்கள் எல்லாம் ஆணாம். இந்தக் கூத்துக்கு என் வரிப்பணம் எதற்கு? கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்திலிருந்து ‘பணத்தை நிறுத்து’ என்ற முடிவுக்குப் போகக் கூடாது என்றே நினைக்கிறேன். மனிதரை விண்ணுக்கு அனுப்பும் வேலைக்கு அரசுப் பணம் தொடர வேண்டும். அது அரசுப் பணமாகவே தொடர வேண்டும். இதைப் பெண்ணியத்துக்கு வெளியே நின்று அறிவியல் ஆர்வத்தால் சொல்லவில்லை. பெண்ணியக் காரணங்களுக்காகவே சொல்கிறேன்.

முதலில் பசி. அதைத் தாண்டிக்கொண்டு இந்த விஷயத்தில் யாரும் பேச முடியாது, பேசவும் கூடாது.

புறநானூற்றில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய பாட்டொன்றில், ஓட்டுபவன் இல்லாமலே வானில் செல்லும் ஊர்தி ஒன்று வருகிறது. தமிழன் அன்றே ட்ரோன் கண்டான் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதற்கு மூலம் இந்தப் பாட்டுதான். வகுப்பில் இதைச் சொல்லி, அந்த ஊர்தி யாருக்குக் கிடைக்கும் என்று பாட்டு சொல்வதைக் கவனியுங்கள் என்றேன். செய்ய வேண்டியதைச் செய்து முடித்து, புலவர் பாடும் புகழ் பெற்றவர்களுக்கே அது வரும். பேச்சு அங்கிருந்து ககன்யானுக்குப் போனது. பின் வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். “அம்மா, எங்கம்மா இருபது வருஷமா அங்கன்வாடியில வேலை பாக்குறாங்க. அவங்கள இன்னும் அரசு ஊழியர்னு ஒத்துக்க மாட்டேங்குறாங்க. அதுக்குக் காசு இல்லையாம். மூணு பேர் மூணு நாள் மேல சுத்திட்டு வர்றதுக்கு மட்டும் காசு இருக்கா?”

வகுப்பு அமைதியாகிவிட்டது. அந்தக் கேள்விக்குப் புள்ளிவிவரத்தால் பதில் சொல்வது சுலபம். சொல்லத்தான் செய்தேன், ஏனென்றால் புள்ளிவிவரத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். ககன்யானுக்கு 2018இல் ஒதுக்கியது 9,023 கோடி ரூபாய். 2024 செப்டம்பரில் இந்திய விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியையும் சேர்த்து அதை 20,193 கோடியாக உயர்த்தினார்கள். இது பல ஆண்டுகளுக்கான மொத்தத் தொகை. 2025-26 நிதிநிலை அறிக்கையில் அங்கன்வாடி, ஊட்டச்சத்துத் திட்டத்துக்கு அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் 21,960 கோடி. பாதுகாப்புத் துறைக்கு 6.81 லட்சம் கோடி. அதாவது ககன்யானின் மொத்தப் பணமும் பாதுகாப்புத் துறைக்குப் பதினோரு நாள் செலவு. விண்வெளித் துறை முழுவதற்கும், செயற்கைக்கோள், வானிலை, நிலவு எல்லாம் சேர்த்து, 13,416 கோடி. மத்திய அரசு செலவழிக்கும் நூறு ரூபாயில் ஏறத்தாழ 26 காசு.

சின்னத் தொகை என்பதால் மட்டும் ஒரு செலவு சரியாகிவிடாது. பத்து ரூபாய் திருடினாலும் திருட்டுத்தான். ஆனால் இந்தக் கணக்கு ஒன்றைக் காட்டுகிறது. மாணவியின் தாய்க்குச் சேர வேண்டியதைத் தராமல் வைத்திருப்பது ராக்கெட் இல்லை. அங்கன்வாடிப் பணியாளருக்கு மத்திய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் 2018இல் 4,500 ரூபாய் ஆனது. அதற்கு மேல் தருவது மாநிலங்களின் பொறுப்பு. அதை ‘ஊதியம்’ என்று சொல்லாமல் ‘மதிப்பூதியம்’ என்று சொல்வதற்குக் காரணம், குழந்தை பார்ப்பதும் சோறாக்குவதும் பெண்ணின் இயல்பு, அது வேலையாகாது என்ற எண்ணம். ககன்யானை நாளையே மூடினாலும் அந்த எண்ணம் மூடாது. மிச்சப்படும் 26 காசு அங்கன்வாடிக்கு வரும் என்று நம்ப நமக்கு என்ன முகாந்திரம் இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் பெண் என் மாணவி இல்லை. 1970இல் ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில் பணியாற்றிய மேரி ஜுகுண்டா என்ற கன்னியாஸ்திரி, நாசாவில் இருந்த விஞ்ஞானி எர்ன்ஸ்ட் ஷ்டூலிங்கருக்குக் கடிதம் எழுதினார். குழந்தைகள் பட்டினியால் சாகும்போது செவ்வாய்க்குப் போக இத்தனை கோடிகளா என்று. ஷ்டூலிங்கர் மரியாதையோடு நீண்ட பதில் எழுதினார். அதில் ஒரு கதை வரும். ஜெர்மனியின் சிற்றூர் ஒன்றில் ஏழைகளுக்கு வாரிக் கொடுக்கும் பிரபு. கண்ணாடி தேய்த்து வில்லை செய்யும் ஒருவனுக்கும் அவர் பணம் கொடுக்கிறார். ஊர் கோபப்படுகிறது. பிற்காலத்தில் அந்த வில்லையிலிருந்துதான் நுண்ணோக்கி வந்து நோய்களை வென்றது.

உலகம் முழுக்கப் பகிரப்படும் கடிதம் இது. எனக்கு இதில் நிறைவில்லை. ஹிட்லருடைய ராக்கெட் திட்டத்தில் வேலை பார்த்துவிட்டு அமெரிக்கா போனவர் எழுதியது என்பது ஒரு காரணம். ராக்கெட்டின் பயன் பற்றிப் பேச அவருக்கு வேறு அனுபவங்களும் இருந்திருக்கும். அதைவிடப் பெரிய காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறது. பிரபு கொடுத்தது பிரபுவின் பணம். யாருக்குக் கொடுப்பது என்பது அவர் இஷ்டம். ஊர் முணுமுணுக்கலாம், அவ்வளவுதான். விண்வெளிக்குப் போவது எந்தப் பிரபுவின் பணமும் இல்லை. அங்கன்வாடி அம்மா வாங்கும் சோப்பில் இருக்கும் வரி அதில் இருக்கிறது. அவர் அந்தத் திட்டத்தின் முன்னால் கை நீட்டி நிற்பவர் இல்லை, அதன் பங்குதாரர். ஷ்டூலிங்கரின் கதையில் இப்படி ஒரு பாத்திரமே கிடையாது.

1969 ஜூலையில், நிலவுக்குக் கிளம்பவிருந்த அப்போலோ 11 ஏவுதளத்துக்கு அருகே, மார்ட்டின் லூதர் கிங்கின் தோழர் ரால்ஃப் அபர்நதி ஏழைக் குடும்பங்களையும் கோவேறு கழுதை பூட்டிய வண்டிகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். நாசா தலைவர் தாமஸ் பெயின் நேரில் வந்து சந்தித்தார். நாளை பொத்தானை அழுத்தாமல் விடுவதால் வறுமை தீருமென்றால் அழுத்த மாட்டோம் என்றார். அந்தக் குடும்பங்களில் சிலருக்கு ஏவுதலைப் பார்க்க இடம் கொடுத்தார்கள். அபர்நதி ராக்கெட்டை நிறுத்தச் சொல்லவில்லை என்பதுதான் நமக்கு முக்கியம். அந்தச் சாதனையில் தனக்கும் பெருமை உண்டு என்றார். இதைச் செய்ய முடிந்த அரசு பசியையும் தீர்க்க முடியும், தீர்க்கவில்லையென்றால் மனமில்லை என்று பொருள் என்பதே அவர் வாதம். பசித்தவர்கள் தங்கள் பெயரில் பேசும்போது இப்படித்தான் பேசுகிறார்கள். பசித்தவர்களின் பெயரால் வேறு யாரோ பேசும்போதுதான் ‘முதலில் சோறு, பிறகு வானம்’ என்ற வரிசை வருகிறது.

அந்த வரிசை நமக்குப் பழக்கமானது. முதலில் அண்ணன் படிக்கட்டும். முதலில் வீட்டுக் கடன் அடையட்டும். முதலில் நகை சேரட்டும், பிள்ளைகள் வளரட்டும், மாமியாருக்கு உடம்பு தேறட்டும். பிறகு நீ எம்.ஏ. சேரலாம், வீணை கற்கலாம், கடலைப் பார்க்கப் போகலாம். ஒவ்வொரு ‘முதலில்’லும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமானது, கடனை அடைக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் ‘பிறகு’ வந்த வீட்டை நான் அதிகம் பார்த்ததில்லை. மிச்சப்பட்ட பணம் அண்ணனின் பைக்காக மாறியிருக்கும். தேவை தீர்ந்த பிறகே ஆசை என்ற நெறியை உலகில் உண்மையாகக் கடைப்பிடித்த ஒரே இனம் பெண்கள்தான், அதுவும் கட்டாயத்தின் பேரில். அந்த நெறியை ஒரு நாட்டுக்குப் பரிந்துரைக்கும் முன்னால் அது நம்மை என்ன செய்தது என்று யோசிக்கலாம். வானத்தைத் தெரிந்துகொள்ளும் ஆசை சோற்றுக்குப் போட்டியில்லை. இரண்டையும் ஒரே வாயால் கேட்கப் பழக வேண்டும்.

சரி, வானத்தைத் தெரிந்துகொள்ள மனிதர் போவானேன்? இதுதான் வலுவான எதிர்வாதம். பசி வாதத்தைவிட வலுவானது. மங்கள்யான் 450 கோடியில் செவ்வாய்க்குப் போனது. சந்திரயான் 3 ஏறத்தாழ 615 கோடியில் நிலவின் தென் துருவப் பக்கத்தில் இறங்கியது. மூச்சு விடாத, சாப்பிடாத, திரும்பி வரத் தேவையில்லாத இயந்திரம் மலிவு. ஒரு ரூபாய்க்கு எவ்வளவு அறிவியல் என்று அளந்தால் இயந்திரம்தான் வெல்லும். இதை மறுப்பவர்கள் கொஞ்சம் ஏமாற்றுகிறார்கள். அமெரிக்காவில் 2025இல் முன்வைத்த நிதித் திட்டம் நாசாவின் பணத்தில் கால் பங்கை வெட்டி, அறிவியல் ஆய்வுகளின் பணத்தைப் பாதியாக்கி, மனிதரை அனுப்பும் பணத்தை மட்டும் கூட்டச் சொன்னது. அது கொடி நடும் ஆசை. அப்படிப்பட்ட பாதுகாப்பு மனிதப் பயணத்துக்கு வேண்டியதில்லை.

நான் மனிதப் பயணத்தை ஆதரிக்கும் காரணம் வேறு. இயந்திரத்தை அனுப்பும்போது யாரும் கேட்க வேண்டியில்லாத ஒரு கேள்வியை, மனிதரை அனுப்பும்போது அரசு கேட்டே ஆக வேண்டும்: மனிதர் என்றால் யார்? அந்தக் கேள்விக்குத் தத்துவத்தில் பதில் சொல்லி நழுவ முடியாது. அங்குலத்தில் சொல்ல வேண்டும். தோள் அகலம் எவ்வளவு, இருக்கை எந்த உயரத்துக்கு, கையுறை எந்த விரலுக்கு, சிறுநீர் எப்படி வெளியேறும், மாதவிடாய் வந்தால் என்ன ஏற்பாடு. சாலி ரைடு 1983இல் விண்ணுக்குப் போன முதல் அமெரிக்கப் பெண். ஒரு வாரப் பயணத்துக்கு நூறு டாம்பூன் போதுமா என்று நாசாவின் பொறியாளர்கள் அவரிடம் கேட்டார்கள். உலகின் தலைசிறந்த பொறியாளர்கள். வீட்டில் மனைவி, மகள் உள்ளவர்கள். 2019 மார்ச்சில் இரண்டு பெண்கள் சேர்ந்து விண்கலத்துக்கு வெளியே போய் வேலை செய்யவிருந்தது தள்ளிப்போனது; இருவருக்கும் பொருந்தும் நடுத்தர அளவு உடை ஒன்றுதான் தயாராக இருந்தது. அக்டோபரில்தான் கிறிஸ்டினா காக்கும் ஜெசிகா மெய்ரும் அந்த வேலையைச் செய்தார்கள்.

இந்தக் கதைகளைச் சொல்லிச் சிரிக்கலாம். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. நம் பேருந்தின் கைப்பிடி, கல்லூரி ஆய்வகத்தின் மேசை, போலீஸ்காரியின் பாதுகாப்புக் கவசம் எல்லாம் யாருடைய உடம்புக்கு அளவெடுத்தவை என்று யாரும் கேட்பதில்லை. விண்கலத்தில் மட்டும் அளவு தவறினால் உயிர் போகும். ஆகவே அங்கே கேள்வி மேலே வந்துவிடுகிறது. கதிர்வீச்சு பற்றிய விதி ஓர் உதாரணம். ஒரு விண்வெளி வீரர் தன் பணிக்காலம் முழுக்க எவ்வளவு கதிர்வீச்சை ஏற்கலாம் என்பதற்கு நாசா வயதையும் பாலினத்தையும் வைத்து வரம்பு போட்டிருந்தது. பெண்ணுக்கு வரம்பு குறைவு, ஆகவே பெண்ணுக்குப் பயணமும் குறைவு. 2022இல் அதை மாற்றி எல்லோருக்கும் ஒரே வரம்பு, 600 மில்லிசீவர்ட் என்றார்கள். 35 வயதுப் பெண்ணுக்கு வரக்கூடிய ஆபத்தை வைத்து அந்த வரம்பைக் கணக்கிட்டார்கள். எளிதில் பாதிக்கப்படும் உடலை விலக்கிவைப்பதை விட்டுவிட்டு, அந்த உடலையே அனைவருக்குமான அளவுகோலாக்கினார்கள். ஒரு தொழிற்சாலையிலோ, சாயப்பட்டறையிலோ, பட்டாசுக் கிடங்கிலோ இப்படி ஒரு விதி எழுதப்பட்டால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இவை தானாக நடக்கவில்லை. அரசுப் பணம் என்பதால்தான் நடந்தன. இதற்கு 1961இன் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

முதல் அமெரிக்க விண்வெளி வீரர்களுக்கான மருத்துவச் சோதனைகளை வடிவமைத்தவர் டாக்டர் லவ்லேஸ். அதே சோதனைகளைப் பெண்களுக்கும் செய்து பார்த்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1960இல் ஜெர்ரி காப் என்ற விமானியைச் சோதித்தார். காதுக்குள் பனி நீர் ஊற்றித் தலைசுற்ற வைப்பது, தொண்டை வழியாக ரப்பர் குழாயை விழுங்க வைப்பது போன்ற சோதனைகள். இருட்டுத் தொட்டித் தண்ணீரில் ஓசையும் ஒளியும் இல்லாமல் மிதக்கும் சோதனையில் காப் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் இருந்தார். தொடர்ந்து மேலும் பல பெண் விமானிகளை அழைத்தார்கள். மொத்தம் 13 பேர் தேறினார்கள். செலவுக்குப் பணம் தந்தவர் ஜாக்குலின் காக்ரன். விமானி, அழகுப்பொருள் நிறுவனத்தின் முதலாளி, பெரும் பணக்காரக் கணவர். அடுத்த கட்டச் சோதனை ஃபுளோரிடாவில் கடற்படைத் தளத்தில் நடக்கவிருந்தது. அதற்காகச் சிலர் வேலையையே விட்டிருந்தார்கள். 1961 செப்டம்பரில், கிளம்பச் சில நாள் இருக்கும்போது, தந்தி வந்தது: ரத்து. நாசா கேட்காத சோதனைக்குத் தளத்தைத் தர முடியாது என்றது கடற்படை. லவ்லேஸின் முயற்சி தனியார் முயற்சி. அதற்குத் தாளில் எந்த இடமும் இல்லை. தந்தியை எதிர்த்து முறையிட ஒரு சன்னல்கூட அங்கே கிடையாது.

காப்பும், எட்டுப் பிள்ளைகளின் தாயும் செனட்டரின் மனைவியுமான ஜேனி ஹார்ட்டும் வாஷிங்டனுக்குப் போனார்கள். துணை ஜனாதிபதி லிண்டன் ஜான்சனைச் சந்தித்தார்கள். அவர் நாசாவுக்கு அனுப்ப அவருடைய உதவியாளர் மென்மையான கடிதம் ஒன்றை எழுதி வைத்திருந்தார். ஜான்சன் கையெழுத்துப் போடவில்லை. ‘இதை இப்போதே நிறுத்துவோம்’ என்று அதில் எழுதிக் கோப்பில் போட்டார். ஆனாலும் 1962 ஜூலையில் நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று இரண்டு நாள் விசாரணை நடத்தியது. ஜெட் சோதனை விமானியாக இருந்தால்தான் விண்வெளிக்கு என்பது நாசாவின் விதி. ராணுவ ஜெட்டைப் பெண்கள் ஓட்டக் கூடாது என்பது ராணுவத்தின் விதி. இரண்டு விதிகளும் தனித்தனி அலுவலகங்களில் இருந்ததால் யாரும் குற்றவாளி இல்லை. பூமியைச் சுற்றித் திரும்பியிருந்த ஜான் கிளென், பெண்கள் இந்தத் துறையில் இல்லாதது நம் சமூக அமைப்பின் நிலை என்று சாட்சி சொன்னார். பணம் கொடுத்த காக்ரனும் பெண்களுக்காக அவசரப்பட வேண்டாம் என்றே சாட்சி சொன்னார். புரவலரின் பணத்தில் இது ஓர் ஆபத்து: புரவலர் மனம் மாறலாம்.

தோற்றுத்தான் போனார்கள். ஆனால் அந்த விசாரணை நடந்தது என்பதைக் கவனியுங்கள். ‘சமூக அமைப்பு’ என்ற சொல் நாடாளுமன்றப் பதிவேட்டில் ஏறியது. நாசா பொதுப்பணத்தில் இயங்கியதால்தான் அவர்கள் விசாரணை அறைக்குள் உட்கார முடிந்தது. பத்து ஆண்டுகள் கழித்து 1972இல் வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தை மத்திய அரசு நிறுவனங்களுக்கும் நீட்டித்தார்கள். நாசாவும் அதற்குள் வந்தது. 1978இல் தேர்வான 35 பேரில் ஆறு பெண்கள். சாலி ரைடு அந்த ஆறில் ஒருவர்.

தனியார் பணம் எப்படிப் பெண்ணைப் பார்க்கிறது என்பதற்கும் சான்றுகள் உண்டு. 2020 ஜனவரியில் ஜப்பானியக் கோடீஸ்வரர் யுசாகு மேசாவா, தனியார் கலத்தில் நிலவைச் சுற்றப் போகும்போது கூட வர ஒரு காதலி வேண்டும் என்று விளம்பரம் செய்தார். இருபது வயதுக்கு மேற்பட்ட, தனியாக உள்ள பெண்கள் விண்ணப்பிக்கலாம். ஏறத்தாழ 28 ஆயிரம் பெண்கள் விண்ணப்பித்தார்கள். மாதம் முடியும் முன்பே மனம் மாறிவிட்டது என்று அறிவித்தார். அந்த நிலவுப் பயணமும் பின்னர் ரத்தானது. யாரையும் கேள்வி கேட்க முடியாது. அவர் பணம், அவர் கலம், அவர் மனம். லவ்லேஸிடம் தேறிய 13 பேரில் ஒருவரான வாலி ஃபங்க், 2021இல் தன் 82ஆம் வயதில், ஜெஃப் பெசோஸின் ராக்கெட்டில் சில நிமிடம் விண்ணைத் தொட்டுத் திரும்பினார். இரு கைகளையும் விரித்துக்கொண்டு அவர் இறங்கி வந்ததைப் பார்த்துக் கண் கலங்காதவர்கள் இருக்க மாட்டார்கள். எனக்கும் கலங்கியது. ஆனால் அறுபது ஆண்டு காத்திருந்தவருக்குக் கிடைத்தது அழைப்பிதழ். அவர் கேட்டது அழைப்பிதழ் இல்லையே.

அரசு என்றாலே பெண்ணுக்கு நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. சோவியத் அரசு 1963இல் நூற்பாலைத் தொழிலாளியாக இருந்த வாலண்டினா தெரஷ்கோவாவை அனுப்பியது. அடுத்த பெண்ணை அனுப்ப 19 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. 1982இல் போன ஸ்வெத்லானா சவித்ஸ்கயாவுக்கு விண்வெளி நிலையத்தில் இருந்த ஆண்கள் கொடுத்த வரவேற்புப் பரிசு சமையல் மேலங்கி. 2025இல் நாசா, நிலவில் முதல் பெண்ணை இறக்குவோம் என்ற தன் வாக்குறுதியை இணையதளத்திலிருந்து அழித்தது. அரசு பின்வாங்கும், ஏமாற்றும். ஆனால் அழித்த வாக்குறுதியைக் காட்டி ‘ஏன் அழித்தாய்’ என்று கேட்க ஓர் இடம் இருக்கிறது. பெசோஸிடம் கேட்க அந்த இடம் இல்லை.

இப்போது நம் நால்வருக்கு வருவோம். 1962இல் நடந்ததேதான் இங்கும் நடந்திருக்கிறது. சோதனை விமானியாக இருக்க வேண்டும் என்றது விதி. நம் விமானப்படையின் போர் விமானங்களில் பெண்கள் நுழைந்ததே 2016 ஜூனில்தான்: அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங். சோதனை விமானியாகப் பல ஆண்டு அனுபவம் வேண்டும். கதவைத் தாமதமாகத் திறந்துவிட்டு, கதவுக்கு அந்தப் பக்கம் ஏன் யாரும் இல்லை என்று வியக்கிறோம். இதே திட்டம் தொடங்கியபோது இஸ்ரோவின் மனித விண்வெளித் திட்ட இயக்குநரகத்தின் தலைவராக இருந்தவர் வி.ஆர். லலிதாம்பிகா. ஒரு பெண் திட்டத்தை நடத்தலாம். கலத்தில் ஏறத் தகுதி பெறுவதற்கு மட்டும் இன்னும் காலம் வர வேண்டும். கல்பனா சாவ்லாவையும் சுனிதா வில்லியம்ஸையும் நம் மகள்கள் என்று கொண்டாடினோம். இருவரும் போனது அமெரிக்கர்களின் வரிப்பணத்தில்.

இங்கே ஒரு சிறு தமிழ்க் கவலையும் உண்டு. ‘விண்வெளி வீரர்’ என்ற சொல்லே போர்க்களத்திலிருந்து வந்தது. பெண் என்றால் ‘வீராங்கனை’ என்று ஒட்டுப் போட வேண்டியிருக்கிறது. ‘விண்ணோடி’ என்றொரு சொல் இருக்கிறது. ஆணுமில்லை பெண்ணுமில்லை, போரும் இல்லை. ஏனோ அது ஊன்றவில்லை. சொல்லிலேயே சோதனை விமானி உட்கார்ந்திருக்கிறார்.

2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா அமெரிக்கத் தனியார் நிறுவனத்தின் பயணத்தில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய் ஜூலையில் திரும்பினார். அந்த ஓர் இருக்கைக்கு இந்திய அரசு ஏறத்தாழ 550 கோடி ரூபாய் கொடுத்ததாகச் செய்திகள் வந்தன. ககன்யானுக்கான பணம் சுருங்கினால் எஞ்சும் வழி இதுதான்: விற்பவரிடம் இருக்கை வாங்குவது. வாங்குபவருக்கு இருக்கையின் அகலத்தைத் தீர்மானிக்கும் உரிமை கிடையாது. நம் கலம் இன்னும் முழுதாக முடிவாகவில்லை. மகேந்திரகிரியில் சோதித்துத் தேறிய என்ஜின் தயாராக இருக்கிறது. விண்வெளி உடைகளை ரஷ்யாவில் அந்த நான்கு பேருக்கும் அளவெடுத்துத் தைத்தார்கள். அடுத்த உடையை, அடுத்த இருக்கையை, 2035இல் வரப்போவதாகச் சொல்லும் விண்வெளி நிலையத்தின் கழிப்பறையை வரையும் காலம் இதுதான். வரைந்து முடித்த பிறகு பெண்ணுக்கு இடமளிக்கச் சொன்னால், செலவாகும் என்பார்கள்.

ஒரு பெண் ஏறிவிட்டால் அங்கன்வாடி அம்மாவுக்கு என்ன கிடைக்கும் என்று என் மாணவி கேட்டிருந்தால், நேரடியாக ஒன்றும் கிடைக்காது என்றுதான் சொல்லியிருப்பேன். அவருக்குரியதை அவர் சங்கம் வழியாகத் தெருவில் நின்றுதான் வாங்க வேண்டும், நாமும் கூட நிற்க வேண்டும். ஆனால் அதே அம்மா தன் 26 காசுக்குக் கணக்கும் கேட்கலாம். பசிக்கு மட்டுமே கேட்கத் தெரிந்தவர் என்று அவரை வரைந்துவைத்திருப்பது யார்?

கணக்குக் கேட்க வழி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்வெளித் துறைக்கு எழுதலாம். அடுத்த அணிக்கான தகுதி விதி என்ன, அதில் பொறியாளருக்கும் மருத்துவருக்கும் விஞ்ஞானிக்கும் இடமுண்டா? விமானப்படையின் சோதனை விமானிப் பயிற்சிக்கு இதுவரை எத்தனை பெண்கள் அனுப்பப்பட்டார்கள்? கலத்தின் இருக்கை எந்த உயரத்திலிருந்து எந்த உயரம் வரைக்கும் வடிவமைக்கப்பட்டிருக்கிறது, அதில் இந்தியப் பெண்களில் எத்தனை சதவீதம் அடங்குவர்? கதிர்வீச்சு வரம்பு எந்த உடலை வைத்துக் கணக்கிடப்பட்டது? மாதவிடாய்க்கான ஏற்பாடு பற்றிய கோப்பு என்று ஒன்று இருக்கிறதா? வியோமித்ராவுக்குப் பெண் உரு கொடுக்க முடிவெடுத்த கூட்டத்தின் குறிப்பையும் கேட்கலாம். பாதுகாப்பு, அறிவியல் நலன் என்று சொல்லிச் சிலவற்றை மறுப்பார்கள். எந்தப் பிரிவின் கீழ் மறுக்கிறார்கள் என்று எழுதித்தான் மறுக்க முடியும், மேல்முறையீடும் செய்யலாம். பதில் தர முப்பது நாள். விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய்.